நகக்கனம்

நேற்று மாலை பக்கத்து வீட்டில் புளியங்கொட்டை வறுத்தார்கள். அந்த வாசனை சுவரேறிக் குதித்து வந்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்குக் கச்சேரி ஞாபகம் வருகிறது. பாட்டுக் கச்சேரி இல்லை. திருவிதாங்கூர் சர்க்கார் காலத்தில் குற்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன கச்சேரி. அதன் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி ஒரு மண்பானை ஏற்றியிருக்கிறது. பானைக்குள் புளியங்கொட்டைத் தோல் கொதித்துச் செங்கறுப்பாக நுரைக்கிறது. பக்கத்தில் டவாலி போட்ட சேவகன் ஒருவன் கம்புடன் நிற்கிறான், பானை ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல. வக்கீல்கள் அங்கியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. நாகர்கோவிலில் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் குழித்துறை நிருபர். என்னிடம் ஒரு சைக்கிளும் ஒரு மூக்குக் கண்ணாடியும் இருந்தன. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, கண்ணாடி கௌரவத்துக்கு. களியக்காவிளைச் சாலையில் வண்டி குடைசாய்ந்தால் எழுதுவேன். ஆற்றில் வெள்ளம் ஏறினால் எழுதுவேன். ஒன்றும் ஆகாத வாரத்தில் கச்சேரியில் போய் உட்கார்ந்து, யார்மேல் என்ன குற்றம் என்று குறிப்பெடுத்து வருவேன். கடல் பத்து மைலுக்குள்தான் இருந்தது. ஆனால் மீனை நான் குழம்பில்தான் அறிவேன்.

அந்தச் சமயத்தில் கரைக்கடல் வலைகளுக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. ஆறு கடலில் விழும் இடத்தைச் சுற்றிச் சிறு கண் வலை போடக்கூடாது. குஞ்சு மீனெல்லாம் ஆற்றுவாயைத் தேடி வரும். அவற்றை அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் கடலில் என்ன மிஞ்சும்? நியாயமான உத்தரவுதான், இன்றைக்கும் நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். கண்ணை அளக்கக் கடற்கரைக் காவல்காரரிடம் ஒரு பித்தளைத் தகடு கொடுத்திருந்தார்கள். தகடு வலைக்கண்ணுக்குள் நுழைந்தால் பிழைத்தது. முட்டிக்கொண்டு நின்றால் குற்றம். வலையைப் பறித்து எரித்துவிடலாம்.

இனயத்தை ஒட்டிய ஒரு கரையில் இப்படி ஒரு வலை பிடிபட்டது. காவல்காரரின் குறிப்பைக் கச்சேரியில் பார்த்து, ஆறு வரி எழுதி அனுப்பினேன். அவர் ‘அளவு குறைந்த வலை’ என்றுதான் எழுதியிருந்தார். தலைப்புக்கு அது சப்பென்று இருந்ததாகப் பட்டது. ‘கள்ள வலை பிடிபட்டது’ என்று போட்டேன். வலையை முடைந்தவள் பெயர் திரேசம்மாள் என்பதையும், விவரம் விட்டுப்போகக்கூடாதே என்று, சேர்த்துக்கொண்டேன். அச்சில் பார்த்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த சந்தை நாளன்று குழித்துறைச் சந்தையில், மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் என் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். உயரம் குறைவு, குரல் அதற்கும் சேர்த்து இருந்தது.

“நீதானா பத்திரக்காரன்?”

பத்திரிகைக்கு அங்கே பத்திரம் என்று பெயர். ஆமாம் என்றேன்.

“கண்ணாடி போட்டிருக்கியே, கண்ணு நல்லா தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ எனக்க வலைய எங்க வச்சுப் பாத்த?”

காவல்காரர் குறிப்பைப் பார்த்து எழுதினேன் என்று இழுத்தேன்.

“அவன் தகட்டப் பாத்தான். நீ அவனப் பாத்த. வலைய ஒருத்தனும் பாக்கல்ல.”

சுற்றியிருந்த மீன்காரிகள் சிரித்தார்கள். “ஏட்டி திரேசம்மா, விட்டிரு. மொகத்தப் பாரு, வாடின சாள மீனு மாதிரி ஆயிப்போச்சு” என்றாள் ஒருத்தி. திரேசம்மாள் சிரிக்கவில்லை.

“வலை போனா போட்டும் தம்பி, இன்னொண்ணு முடையலாம். எட்டு வீட்டுக்காரியளும் எனக்க கைய நம்பி நூலு தந்தாளுவ. நீ கள்ள வலைண்ணு அச்சடிச்சிட்ட. இனி எவ எனக்க கையில நூலு தருவா? அதப் பறஞ்சிட்டுப் போ.”

ஞாயிற்றுக்கிழமை வந்து வலையைப் பார்க்கிறேன் என்றேன். “வலை கச்சேரியில கெடக்கு. நீ வந்து எங்களப் பாரு” என்று பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மணலில் சைக்கிளை ஓட்டிப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். சைக்கிளோடு விழுந்த முதல் ஆளும் நான்தான். பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. அதனால் அறிமுகம் செய்துகொள்ளும் வேலை மிச்சமாயிற்று.

அவர்களுடையது கரைமடி. வள்ளம் ஒன்று வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். வலைக்கு இரண்டு பக்கமும் கயிற்றாலான நீண்ட கைகள் உண்டு. நடுவில் பருத்தி நூலால் முடைந்த பை. அந்தப் பைதான் மடி. மீன் கடைசியில் வந்து சேருமிடம் அது. சர்க்கார் அளந்ததும் அதைத்தான். எட்டு வீடுகளுக்கு அந்த ஒரு வலை. மடி முடையத் தொடங்கும் நாளில் வீட்டுக்கு ஒரு உருண்டை நூலைத் திரேசம்மாள் கையில் கொடுப்பது வழக்கம். முதல் வரிக் கண்களை அவள் போடுவாள். மற்றவர்கள் அதைப் பார்த்து அடுத்த வரிகளை முடைவார்கள்.

எப்படி முடைவது என்று காட்டச் சொன்னேன். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி அதன்மேல் நூலைச் சுற்றினாள். முடிச்சு இறுகும் முன் பெருவிரல் நகத்தை நூலுக்கு இடையில் கொடுத்து, உடனே உருவினாள். மிகச் சின்ன அசைவு. கண்ணாடி இல்லாமல் பார்த்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

“அது எதுக்கு?”

“எது?”

“நகம் கொடுத்தீர்களே.”

அவள் தன் கையை அப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள். “அது நகக்கனம். முடைஞ்ச மடிய மூணு தவண புளியங்கொட்டைத் தோலு சாயத்துல போட்டு வேவிப்போம். இல்லேண்ணா நூலு சீக்கிரம் அழுகிப் போவும். வெந்தா நூலு சுருங்கும். சுருங்கினா கண்ணும் சுருங்கும். அதுக்கு ஒரு நகக்கனம் கூட்டிப் போடணும்.”

“அப்படியென்றால் இந்த வலை எப்படி அளவு குறைந்தது?”

திரேசம்மாள் இடுப்பிலிருந்து ஒரு மரக்கட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளம், வழவழப்பாக இழைத்தது, ஒரு முனையில் சர்க்கார் முத்திரை. உத்தரவைச் சொல்ல வந்த அதிகாரி கொடுத்துவிட்டுப் போன அளவுக் கட்டை. இனி விரலை நம்பாதீர்கள், இதை வைத்து முடையுங்கள் என்றாராம். திரேசம்மாள்தான் மற்றவர்களை இணங்க வைத்திருக்கிறாள். பழைய மடி நன்றாக இருக்கும்போதே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக முடைந்திருக்கிறார்கள்.

“கட்டைய வச்சு முடையும்போ நகம் குடுக்கல்ல” என்றாள்.

“ஏன்?”

“ராசாவுக்க கட்டையில்லியா? நகக்கனமும் சேத்துத்தான் வெட்டியிருப்பாவண்ணு நெனச்சோம். அதுக்கும் மேல நாம ஒரு நகத்தக் குடுத்தா, ராசாவுக்குக் கணக்குத் தெரியாதுண்ணு பறஞ்சதுபோல ஆவாதா?”

பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவர் அந்தக் கரையின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால், மலையாள உத்தரவை வாசித்துச் சொல்லி, அதிகாரிக்கும் கரைக்கும் நடுவில் அன்று நின்றவரும் அவர்தான்.

“சூசை கேட்டான்” என்றார். சூசை திரேசம்மாளின் கணவர், வலைக்குத் தலைவர். “கட்டை காஞ்ச நூலுக்கா, வெந்த நூலுக்காண்ணு கேட்டான். ஏமான் காருல ஏறிக்கொண்டிருந்தாவ. பின்னால விளிச்சு நிறுத்தக் கூச்சமாயிட்டு வந்துது. எல்லாம் கணக்காத்தான் இருக்கும்ண்ணு நானே பறஞ்சிட்டேன்.”

சூசை கடலைப் பார்த்தபடி, “நீரு என்ன செய்வீரு, காரு நல்ல காரு” என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அறைக்குத் திரும்பி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் ஒரு கார்டு போட்டார்: விசாரணையில் இருப்பதைப் பற்றி எழுதக்கூடாது, தீர்ப்பு வரட்டும். அவர் சொன்னதிலும் தவறில்லை. அந்த நாட்களில் என்னைத் தவிர எல்லோரும் சரியாகவே நடந்துகொண்டார்கள்.

வலை கச்சேரிப் பதிவறையில் கிடந்தது. தஸ்தாவேஜுகளுக்கு நடுவில் அத்தனை பெரிய வலை. குமாஸ்தாக்கள் கைக்குட்டையோடு உள்ளே போய் வந்தார்கள். எங்கிருந்தோ பூனைகள் வந்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவற்றின் வழக்கும் அன்றைக்கு எடுக்கப்படும் என்பதுபோல.

சூசை கூண்டில் ஏறினார்.

“தகடு நுழையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறாயா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“நுழையல்ல ஏமானே. அது உள்ளதுதான்.”

“பிறகு என்ன சொல்ல வருகிறாய்?”

“அவகிட்ட கேளுங்க ஏமானே.”

கச்சேரி பாஷை மலையாளம். திரேசம்மாள் பேசியது கரைத்தமிழ். மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அந்தத் தமிழ் பாதி வழி நடந்து போய் மலையாளத்தைச் சந்தித்துவிடும். விரலைச் சொன்னாள், நகத்தைச் சொன்னாள், கட்டையைச் சொன்னாள்.

“நூல் சுருங்கும் என்றால் எல்லோர் வலையும்தானே சுருங்கியிருக்க வேண்டும்?”

“எல்லாருக்க நூலும் சுருங்கும் ஏமானே. மத்த வலையெல்லாம் விரல்ல முடைஞ்சது. தகடு வழுக்கிக்கொண்டு போவும். சர்க்கார் பறஞ்சதக் கேட்டு முடைஞ்சது இந்த ஒரு வலைதான். பிடிச்சதும் இதத்தான்.”

வக்கீல்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கட்டையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, இங்கேயே முடை, பார்க்கலாம் என்றார்.

கூண்டுக்குள் நின்றபடியே, அந்தக் கட்டையை வைத்து இருபது கண் முடைந்தாள். காவல்காரர் தகட்டை விட்டுப் பார்த்தார். இருபதிலும் நுழைந்தது. அப்படித்தான் அந்தப் பானை முற்றத்துக்கு வந்தது. மூன்று நாள் மூன்று முறை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, இரவில் அந்தத் துண்டைப் பெட்டிக்குள் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். நான்காம் நாள் காவல்காரர் மறுபடி தகட்டை எடுத்தார். முதல் கண்ணில் நுழையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மாஜிஸ்திரேட் தாமே தகட்டை வாங்கி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இருபதும் முடிந்ததும் தம்முடைய பெருவிரல் நகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலை என்று நினைத்தேன். பென்சிலைக்கூடக் கூராக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் உத்தரவு வலைக்கண்ணைத்தான் கேட்கிறது, முடைந்தவர் மனத்தைக் கேட்கவில்லை என்று அவர் தீர்ப்பில் சொன்னார். குற்றம் குற்றம்தான். முழு வலையையும் எரிக்க வேண்டாம். மடியை மட்டும் பிரித்து எரிக்கலாம், வலையின் கைகளும் கயிறும் திரும்பக் கொடுக்கப்படட்டும். அளவுக் கட்டையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார்.

முற்றத்தில் வலையை இழுத்துப் போட்டார்கள். காவல்காரர் கத்தியை எடுத்தார்.

“அறுக்காண்டாம்” என்றாள் திரேசம்மாள். “கையில உள்ள கயிறும் சேந்து போவும். நான் அவுத்துத் தாறேன்.”

“எத்தனை முடிச்சு இருக்கும் தெரியுமா?”

“போட்டவளுக்குத் தெரியாதா? நீரு அந்தத் தலைக்கேருந்து வாரும், நான் இந்தத் தலைக்கேருந்து வாறேன்.”

காவல்காரர் மாஜிஸ்திரேட்டின் அறைப்பக்கம் ஒரு முறை பார்த்தார். கத்தியை உறையில் போட்டுவிட்டு, தலைப்பாகையைக் கழற்றி ஓரமாக வைத்து, மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உச்சி வெயில். மடியையும் கைகளையும் சேர்த்துத் தைத்திருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அவள் பத்து அவிழ்த்தால் அவர் ஒன்று அவிழ்த்தார்.

“உமக்கு வீடு எங்க?”

“களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்.”

“வீட்டுக்காரி வலை முடைவாளா?”

“பாய் முடைவாள்.”

“அதான். முடிச்சு என்னதுண்ணே தெரியல்ல உமக்கு. நகத்தக் குடும், பல்லக் குடுக்காதீரு.”

வெயில் சாயும் நேரத்தில் நடுவில் வந்து சேர்ந்தார்கள். நடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அது அவருக்கு மிக அருகில் இருந்தது. கடைசி முடிச்சை அவள் அவருக்கு விட்டுக்கொடுத்தாள். பிறகு மடியைத் துவைத்த துணிபோல நான்காக மடித்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நெருப்பு வைக்கும்வரை அவள் நிற்கவில்லை. சூசையும் மற்றவர்களும் கைகளையும் கயிற்றையும் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்கள்.

திருத்தம் போடவேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதினேன். குற்றம் என்று தீர்ப்பே வந்துவிட்டதே, இனி எதைத் திருத்துவது என்று பதில் வந்தது. இதழில் வந்தது மூன்று வரி: அளவு குறைந்த வலை வழக்கில் குற்றம் உறுதியாயிற்று, மடி எரிக்கப்பட்டது. ‘கள்ள’ என்ற சொல் இல்லை. என் ஆசிரியர் மனத்தில் அதுவே திருத்தமாக இருந்திருக்கலாம்.

அந்த இதழை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சைக்கிளை ரோட்டிலேயே விட்டுவிட்டேன். திரேசம்மாள் வீட்டு முற்றத்தில் ஓலைப்பாய் விரித்திருந்தது. அன்றுதான் புதிய மடி தொடங்கும் நாள். பாயில் மூன்று உருண்டை நூல் இருந்தது. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஐந்து பேரின் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

என் கையில் பத்திரிகையைப் பார்த்ததும் திரேசம்மாள் எழுந்தாள்.

“போட்டாச்சா? வாசி தம்பி. எல்லாவளும் கேக்கட்டு.”

விரித்தேன். மூன்று வரி. அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் வாசித்தது இது: “நமது பத்திரிகையில் கள்ள வலை என்று எழுதியது தவறு. அது கள்ள வலை அல்ல. சர்க்கார் கட்டையை நம்பி, சர்க்கார் சொன்னபடி முடைந்த வலை. முடைந்தவர் கையில் பிழை இல்லை என்பதைக் கச்சேரி முற்றத்தில் எல்லோரும் கண்டார்கள். தவறாக எழுதியதற்கு வருந்துகிறோம்.”

பிறகு ஐந்து பேரில் மூத்தவள் சொன்னாள்: “வாசிப்பு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அண்ணைக்குப் பாக்காம எழுதினவன், இண்ணைக்கு இல்லாத்தத வாசிக்க மாட்டானா? உபதேசியார் வாசிக்கட்டு.”

உபதேசியார் முன்னால் வந்தார். பத்திரிகையைக் கையில் வாங்கி, முழ நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அவர் கண் மேலிருந்து கீழே போனது. மறுபடி மேலே வந்தது. மூன்று வரி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? என்னை ஒரு முறை பார்த்தார்.

பிறகு, கோயிலில் வேதாகம நிருபம் வாசிக்கும் ராகத்தில் ஆரம்பித்தார். “நமது பத்திரிகையில் கள்ள வலை என்று எழுதியது தவறு...” நான் சொன்ன வரிசையில் ஒரு சொல் மாறவில்லை. வருந்துகிறோம் என்றதோடு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. “இந்தக் கரையில் நூலின் மனமறிந்த கை அது. அந்தக் கையை நம்பாமல் கட்டையை நம்பச் சொன்னவர்கள்மேல்தான் பிழை” என்று முடித்தார். என் வரிகளைவிட அது நன்றாக இருந்தது. பத்திரிகையை எட்டாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு யார் கைக்கும் அதைக் கொடுக்கவில்லை.

மூத்தவள் முந்தானைக்குள்ளிருந்து நூலுருண்டையை எடுத்துத் திரேசம்மாள் கையில் வைத்தாள். “நகத்தக் குடுத்துப் போடுட்டி” என்றாள். மற்ற நான்கும் அதன்பின் வந்தன.

மறுவருஷம் சர்க்கார் புதிய கட்டைகளை அனுப்பியது. பழையதைவிடச் சற்று அகலம் என்று சொன்னார்கள். அதற்கு மேலும் திரேசம்மாள் நகம் கொடுத்துத்தான் போட்டாளாம். “ராசாவுக்கு ஆயிரம் சோலி. மறந்தாலும் மறப்பாரு” என்றாளாம்.

ராஜாவே போய்விட்டார். எல்லைக்கோடு மாறி நாங்கள் வேறொரு ராஜ்யத்தில் சேர்ந்தோம். பருத்தி மடி போய் நைலான் வந்துவிட்டது. அது தண்ணீர் குடிப்பதில்லை, சுருங்குவதில்லை, வேகவைக்கத் தேவையுமில்லை. நகம் கொடுக்க அதில் இடமில்லை. என் பத்திரிகை யுத்தகாலத்தில் காகிதம் கிடைக்காமல் நின்றது. பழைய இதழ்க் கட்டுகள் நாகர்கோவில் கடைகளில் பொட்டலமாகிப் போயின என்று கேள்வி. போன வருஷம் ஒரு பிரதியாவது கிடைக்குமா என்று நாலைந்து இடத்தில் தேடினேன். நான் எழுதிய ‘கள்ள வலை’ எங்கும் இல்லை. அந்த மூன்று வரியும் இல்லை.

உபதேசியாரின் மகனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அப்பாவின் பெட்டிக்குள் ஜெபப் புத்தகத்தோடு ஒரு பத்திரம் மடித்து வைத்திருந்ததாம். அவர் போனபிறகு எடுத்து விரித்தபோது கையிலேயே பொடிந்து போயிற்றாம்.

“நீங்க வாசிச்சியளா?” என்று கேட்டேன்.

“எங்க வாசிக்க? ஆனா என்ன போட்டிருந்துதுண்ணு கரையில எல்லாருக்கும் தெரியுமே” என்று சொல்லி, ஒரு சொல் பிசகாமல் முழுவதையும் ஒப்பித்தார், அப்பா சேர்த்த வரிகள் உட்பட. “சரிதானே?” என்றார்.

சரி என்றேன்.